ரசீது எழுதாத ராத்திரிகள்

கொச்சி ராஜாவின் ஆட்சி முடிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அவர் காலத்து அப்காரிச் சட்டம், அதாவது மதுச் சட்டம், மட்டும் இன்னும் ஆட்சியில் இருக்கிறது. கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902 வாக்கில், கொச்சி சமஸ்தானம் போட்ட சட்டம் அது. 1967-இல் கேரள அரசு அதையே எடுத்து மாநிலம் முழுவதற்கும் விரித்துக்கொண்டது. இன்றைக்குக் காசர்கோட்டில் கள்ளச்சாராயம் பிடிபட்டாலும் எஃப்ஐஆரில் எழுதுவது எங்கள் ராஜாவின் சட்டப் பிரிவைத்தான். மட்டாஞ்சேரிக்காரனுக்கு இதில் ஒரு அற்பப் பெருமை உண்டு.

அந்தச் சட்டத்தின் கவலையெல்லாம் வரி, உரிமம், கடத்தல். குடித்தவன் கடையை விட்டு இறங்கி எதன்மேல் ஏறி உட்காருகிறான் என்பது அதன் கவலை இல்லை. அந்தக் கவலைக்குச் சம்பளம் வாங்கியவன் நான். பஜார் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எழுபதுகளின் நடுவில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அப்பா விருதுநகரிலிருந்து வத்தல் வியாபாரத்தோடு வந்து இங்கேயே தங்கிப்போனவர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், முதலாளிகளோடு கொங்கணியும் குஜராத்தியும் கலந்த ஒரு பாஷை. இந்த ஊரில் இது சாதாரணம்.

ஊரே ஒரு காலத்தில் இரண்டு சர்க்காரின் ஊர். மட்டாஞ்சேரி ராஜாவுக்கு. நடந்தே போய்விடக்கூடிய ஃபோர்ட் கொச்சி வெள்ளைக்காரனுக்கு. மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் ஒரு துண்டு. அங்கே 1886-ஆம் வருஷத்து மதராஸ் அப்காரிச் சட்டம், இங்கே 1077. 1948 அக்டோபர் 2-இல் ஓமந்தூரார் மந்திரிசபை மாகாணம் முழுக்க மதுவிலக்கு என்று அறிவித்தபோது அந்தத் துண்டும் அதில் சேர்ந்தது. 1950-இல் அது திருவிதாங்கூர்-கொச்சியோடு இணைந்தது. கோடு ஒன்று அழிந்தால் இன்னொரு கோடு வரும் என்பதைப் பின்னால் லாரி ஆபீசில் பார்த்தேன்.

லாரிக்கு முன்னால் இங்கே சரக்கு வந்தது வள்ளத்தில். ஆலப்புழையிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் காயல் வழியே வந்து பண்டகசாலைப் படியிலேயே மூட்டை இறங்கும். கரையில் கைவண்டியும் மாட்டுவண்டியும். கோல் ஊன்றுகிறவர் வழியில் கள்ளு குடிப்பார். யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. வள்ளம் மெதுவாகப் போகும், மீறினால் கரையில் முட்டும். மாட்டுவண்டிக்காரர் தூங்கிவிட்டால் மாட்டுக்கு வழி தெரியும். வெள்ளைக்கார இன்ஜினியர் ராபர்ட் பிரிஸ்டோ கட்டி எழுப்பிய துறைமுகமும், 1943-இல் திறந்த தோப்பும்படிப் பாலமும்தான் கதையை மாற்றின. நடுவில் தூக்கிக் கப்பலுக்கு வழிவிடுகிற பலகைப் பாலம். அதன்மேல் ஏறி வெண்டுருத்தி வழியாக லாரிகள் வர ஆரம்பித்தபின், குடித்தவனுக்கு வழி சொல்லிக் கூட்டிப்போக மாடு இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் வேலை செய்தது வாளையாறுக் கோடு, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவிலிருந்த எல்லை. கேரளம் 1967 மே 1-ஆம் தேதி மதுவிலக்கை எடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 1971 ஆகஸ்ட் 30 வரை இருந்தது; கலைஞர் ஆட்சியில் எடுத்தார்கள், 1974-இல் அவர் ஆட்சியிலேயே திரும்பப் போட்டார்கள், 1981-இல் எம்ஜிஆர் ஆட்சியில் மறுபடி எடுத்தார்கள். நடுவிலிருந்த அந்த ஏழு வருஷம்தான் எங்கள் ஆபீசுக்கு உச்சகட்டச் சோதனை. அரிசியும் வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு மதுரை, விருதுநகர், பொள்ளாச்சியிலிருந்து வருகிற டிரைவருக்கு ஊரில் பெர்மிட் இல்லாமல் ஒரு சொட்டு கிடையாது. இங்கே கண்ணெதிரே கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக் கடை. சரக்கு இறக்கி, மிளகும் சுக்கும் ஏற்றும்வரை அவருக்கு வேலை இல்லை. பண்டகசாலைக்காரர் வேறு 'சந்தோஷம்' என்று நோட்டை நீட்டுவார். சாயங்காலம் லோடு கட்டி முடிவதும் அவர் திரும்பி வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அடுத்தது குதிரான் ஏற்றம். திருச்சூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே அந்த மலைப்பாதையில் சாஸ்தா கோயில் முன் டிரைவர்கள் காசு எறிந்துவிட்டுப் போவார்கள். சுரங்கப்பாதை 2021-இல்தான் வந்தது. அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, பாரம் ஏற்றிய வண்டியோடு, குடித்த டிரைவர் அந்த வளைவுகளில் போவதைத் தடுக்கக்கூடிய கடைசி மேசை எங்களுடையது.

எங்கள் பெரிய கணக்கரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருடைய முறை இப்படி. லாரி ரசீது மூன்று காப்பி, நடுவில் கார்பன் தாள். ரசீது இல்லாமல் வாளையாறு விற்பனை வரிச் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. அதனால் டிரைவர் மேசைக்கு வந்தே ஆகவேண்டும். ரசீதுக்கு முன்னால் லோடு ரிஜிஸ்டரில் கையெழுத்து. அந்தக் கட்டத்தை அண்ணாச்சி ஸ்கேல் வைத்து ரொம்ப ஒடுக்கமாகப் போட்டிருப்பார். மற்ற கட்டங்களெல்லாம் தாராளமாக இருக்க, இது மட்டும் ஏன் இப்படி என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கையெழுத்து கோட்டுக்குள் நின்றால் ரசீது. கோட்டைத் தாண்டி அடுத்த பெயரில் ஏறினால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வார்:

"கார்பன் தீந்துபோச்சுய்யா. கடை அடைச்சிட்டான். காலைல ஆறு மணிக்கு வாங்கிருதேன்."

"அண்ணாச்சி, ஓனர் திட்டுவாரு."

"ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். வண்டிக்குள்ளயே படு."

மேசை டிராயரில் கார்பன் தாள் பெட்டி முழுசாக இருக்கும். டிரைவருக்கும் தெரியும். ஆனால் 'நீ குடிச்சிருக்கே' என்ற வாக்கியம் ஒருநாளும் அந்த ஆபீசில் பேசப்பட்டதில்லை. சொன்னால் சண்டை, சண்டையென்றால் ஓனர் அடுத்த லோடை வேறு ஆபீசுக்குத் திருப்பிவிடுவார், திருப்பினால் அண்ணாச்சியின் வேலை. பொய் சொன்னதால் டிரைவருக்கு மானமும் ஆபீசுக்குக் கமிஷனும் மிஞ்சின. காலையில் அவர் நல்லபடியாகக் கையெழுத்துப் போட்டுப் போவார். அண்ணாச்சியின் பொய்யை இன்றைக்கும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு எல்லை இருந்தது: எங்கள் மேசையைத் தாண்டி அங்கமாலியிலோ ஆலத்தூரிலோ வண்டியை நிறுத்திக் குடிப்பவரை அது ஒன்றும் செய்யாது. அங்கே கூட இருப்பது கிளீனர் பையன் மட்டும்தான். மீசை முளைக்காத பையன், ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவரே குடிக்கிறவர், சாப்பாடு அவர் காசு. இந்த விஷயத்தில் நாட்டிலேயே அதிகம் பார்த்த சாட்சிகள் கிளீனர்கள். ஒருவரும் கோர்ட்டுப் படி ஏறியிருக்க மாட்டார்கள்.

அப்போது நடைமுறையில் இருந்தது 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தால் குற்றம் என்றது 117-ஆம் பிரிவு. எந்த அளவு என்பதற்கு எண் கிடையாது. பார்த்தவர் சொல்ல வேண்டும், டாக்டர் எழுத வேண்டும்: வாயில் வாடை, கண்மணி விரிவு, நாக்குக் குழறல், தள்ளாட்டம். ஆனால் 1971-இல் பம்பாய் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இத்தனையும் இருந்தாலும் போதாது, ரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்காமல் குடித்திருந்தான் என்று முடிவு கட்ட முடியாது என்றது. சட்டப்படி அது நியாயம்தான். நாக்குக் குழற வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அண்ணாச்சியின் ஒடுக்கமான கட்டத்துக்குக் கோர்ட்டில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரத்தத்தில் இத்தனை மது என்ற எண்ணை முதலில் சட்டத்தில் எழுதியது நார்வே, 1936-இல். ஊதிப் பார்க்கிற கருவியை 1954-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் போர்க்கென்ஸ்டைன் என்ற போலீஸ்காரர் செய்தார். நம் நாட்டில் 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 1994-இல் திருத்தப்பட்டபோது, 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. இங்கிலாந்தின் வரம்பு 80. அந்தக் கணக்கில் நாம் கறார். 2019 செப்டம்பர் முதல் அபராதம் 10,000 ரூபாய். அதே சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத 188-ஆம் பிரிவும் இருக்கிறது: குடித்து ஓட்டத் துணைபோனவருக்கும் ஓட்டியவருக்கு உள்ள தண்டனையே. அந்தக் காலத்து 'சந்தோஷம்' நோட்டுகளை நினைத்துக்கொள்வேன்.

எண் வந்ததும் ஒரு நல்லது நடந்தது, ஒரு கெட்டதும் நடந்தது. போலீசுக்கு வாதாட வேண்டிய வேலை குறைந்தது. பார்த்தவர்களுக்கோ, 'மெஷின் பார்த்துக்கொள்ளும்' என்ற சமாதானம் கிடைத்தது. மெஷின் சரியான நேரத்துக்கு வந்தால்தானே? 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி நடுராத்திரி கடந்த நேரம், திருவனந்தபுரத்தில் ஒரு ஐஏஎஸ் அதிகாரியின் கார் மோதிப் பத்திரிகையாளர் கே.எம். பஷீர் இறந்தார். மது வாடை இருந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. ரத்தம் எடுத்தது பல மணி நேரம் கழித்து. அறிக்கையில் மது இல்லை. அந்த அதிகாரி குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டியது கோர்ட். நான் சொல்ல வருவது கடிகாரத்தைப் பற்றி. கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். தாமதமாக எடுத்த ரத்தம் யாருக்கும் பதில் சொல்லாது.

கேரளம் குடியைப் பற்றிச் செய்ததெல்லாம் கடையைப் பற்றித்தான். 1982 ஓணத்தன்று, இங்கிருந்து படகில் போகிற தூரத்தில், வைப்பினில் விஷச்சாராயம் குடித்து 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலருக்குக் கண் போனது. 1984-இல் மது விற்க அரசின் பிவரேஜஸ் கார்ப்பரேஷன் வந்தது. 1996 ஏப்ரல் 1-இல் முதலமைச்சர் ஆண்டனி சாராயத்தைத் தடை செய்தார். கடையையும் சாலையையும் சேர்த்துப் பார்த்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது: வக்கீல் கே. பாலு தொடுத்தது. அதில் 2016 டிசம்பர் 15-இல் சுப்ரீம் கோர்ட் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பல இடங்களில் கடை உள்ளே போனது, வாசலுக்குப் போகும் வழி சுற்றிச் சுற்றி நீண்டது, பிறகு நகர எல்லைகளுக்கு விலக்கும் வந்தது. நீளமான வழியில் நடந்து குடித்தவரும் திரும்பி வந்து சாவியைத்தான் தேடுவார்.

2023 பிப்ரவரியில் பக்கத்துத் திருப்பூணித்துறையில் போலீஸ் ஒரே காலையில் பஸ் டிரைவர்களை நிறுத்தி ஊதச் சொன்னது. பிடிபட்டவர்களில் பள்ளிக்கூட வண்டி ஓட்டுபவர்கள் உண்டு, அரசுப் பஸ் ஓட்டுபவர்களும் உண்டு. அவர்களில் 16 பேரை ஸ்டேஷன் தரையில் உட்காரவைத்து, இனிக் குடித்து வண்டி ஓட்ட மாட்டேன் என்று 1000 தடவை எழுதவைத்தார்கள். வழக்கும் உண்டு, இது கொசுறு. ஊரே சிரித்தது. எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தக் காலையில் அந்தப் பஸ்களில் ஏறியவர்களில் எத்தனை பேருக்கு வாடை தெரிந்திருக்கும்?

போன வருஷம் அந்தக் கேள்வி என்னிடமே வந்தது. எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரி திரும்பும் பிரைவேட் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். தண்ணீரின் நிறம் சோடா கலந்த ரம்மின் நிறம். லாரி ஆபீஸ் மூக்கு பொய் சொல்லாது. பக்கத்தில் நின்ற பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். ஓடுகிற வண்டியில் டிரைவரிடம் சத்தம் போடுவதைப்போல முட்டாள்தனம் இல்லை; கோபம் வந்தால் கால் ஆக்சிலேட்டரில்தான் போகும். வெண்டுருத்தி தாண்டும் முன்பே 112-க்கு அடித்தேன். பஸ்ஸின் பெயர், நம்பர், எந்தப் பக்கம் போகிறது, அடுத்து எங்கே நிற்கும். நான்கே விஷயம். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னேன்.

"மோனே, தோப்பும்படியில வண்டியை நிறுத்து. டயர்ல ஏதோ சத்தம்னு சொல்லு. போலீஸ் வருது."

அவன் முகம் வெளுத்தது. அவனுக்கும் முன்பே தெரியும் என்பது அந்த வெளுப்பிலேயே தெரிந்தது. டயர் என்ற பொய்யை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தோப்பும்படியில் வண்டி நின்றது, எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள், ஜீப் வந்தது, டிரைவர் ஊதினார், கருவியில் எண் வந்தது.

எஸ்ஐ புகார் கொடுத்தது யார் என்று கேட்டபோது கண்டக்டர் என் கையைப் பிடித்தான். "சேட்டா, என் பேரைச் சொல்லிடாதீங்க. முதலாளி நாளைக்கே நிறுத்திடுவார்."

அவனுக்கு என்ன வயசிருக்கும், இருபத்தைந்து? வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ. நான் என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். பென்ஷன்கூட இல்லாத இந்தக் கிழவனை எந்த முதலாளி, எந்த வேலையிலிருந்து நிறுத்திவிடப் போகிறார்?