காது கொடுத்ததே குற்றமான காலம்

பாகான் டத்தோ தென்னந்தோட்டங்களுக்கு நடுவே காரோட்டிச் செல்பவர் இன்று ஓர் உளவுக் கதையைக் கேட்டுக்கொண்டே போகலாம். ஜான் பக்கன் 1915-ல் எழுதிய ‘முப்பத்தொன்பது படிகள்’ ஒலிநூலாகவும் கிடைக்கிறது. குற்றமற்ற ஒருவனை ஒருபுறம் போலீஸ் துரத்துகிறது, மறுபுறம் உளவாளிகள் துரத்துகிறார்கள். ஸ்காட்லாந்து மலைகளில் அவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். கேட்கப் பயமாக இருந்தால் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம்!

ஆனால், அப்படி நிறுத்த முடியாத ஓர் உளவுக் கதை இதே பேராக் மாநிலத்தில் நடந்தது. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜப்பான்காரன் காலம் அது. வெளிநாட்டு வானொலியைக் கேட்பதே பெருங்குற்றம். ஈப்போவில் கிளினிக் நடத்திய தமிழ் மருத்துவர் டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி சிபில், தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பணியாற்றியவர். போர் வந்ததும் குடும்பம் அருகிலுள்ள பாபானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மறைத்து வைத்த வானொலிக்கு அவர்கள் இட்ட இரகசியப் பெயர் ‘ஜோசஃபின்’. லண்டன் செய்தியைக் கேட்டு, நம்பிக்கையானவர்களிடம் சொன்னார்கள். காட்டிலிருந்து காயத்தோடு வந்த போராளிகளுக்கும் சிபில் மருந்திட்டார்.

1943 மே மாதம் பிரிட்டனின் 136-ஆம் படையைச் சேர்ந்த ஜான் டேவிஸ், நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கடற்கரையில் இரகசியமாக இறங்கினார். கதையில் வருவதுபோலவே இருக்கிறது, இல்லையா? ஆனால் அதே ஆண்டில் கார்த்திகேசு தம்பதியர் கைதானார்கள். ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெத்தாய் சிபிலைச் சித்திரவதை செய்தது. பெற்ற மகளைத் தீக்கு மேலே தொங்கவிடுவோம் என்றும் மிரட்டினார்கள். ஒரு தாய்க்கு இதைவிடக் கொடுமை உண்டா? அப்போதும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனை கிடைத்தது.

1945-ல் ஜப்பான் சரணடைந்த பிறகே விடுதலை. சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்றார். வீரத்துக்காக ஜார்ஜ் பதக்கமும் பெற்றார். ஆனால் உடல் தேறவில்லை. 1948 ஜூன் 12-ல் காலமானார். முதலில் ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்யப்பட்டவர், 1949-ல் ஈப்போ மண்ணுக்குத் திரும்பினார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954-ல் நூலாயின.

பக்கனின் நாயகன் ஸ்காட்லாந்தில் தப்பி ஓடி உயிர் பிழைத்தான், அது கற்பனை. ஈப்போவின் நாயகியை ஸ்காட்லாந்து மண்ணில்தான் முதலில் புதைத்தார்கள், இது வரலாறு. உளவுக் கதை கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் பெற்றோர் சொல்ல வேண்டாமா?