மர ஸ்கீகளும் செப்பனிடும் மரபும்: ஒரு வரலாற்று நோக்கு

நார்வேயின் டிகர்வார்டன் மலைப் பனித்திட்டு உருகியபோது 2014இல் ஒரு மர ஸ்கீ வெளிப்பட்டது. அதன் சோடி எனக் கருதப்படும் மற்றொன்று 2021இல் சில மீட்டர் தள்ளிக் கிடைத்தது. வயது ஏறத்தாழ 1300 ஆண்டுகள். இரண்டாவதன் நீளம் 187 செ.மீ. பாதத்தைப் பிணைக்க முறுக்கிய பிர்ச் மிலாறுகளும் தோல்வாரும் இருந்தன. ஆய்வாளனுக்கு அதைவிட முக்கியம், தேய்ந்த அந்த ஸ்கீ பழுதுபார்க்கப்பட்டிருந்தது என்பதே. பழைய ஸ்கீகளைத் தேடிச் சேர்த்துச் செப்பனிடுவதை இக்காலப் பொழுதுபோக்காக மட்டும் பார்ப்பது சரியல்ல. அது ஒருகாலத்தில் வீட்டுவேலை. பொழுதுபோக்கானது 1970களுக்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் ஸ்கீ ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டது. நார்டிக் நாடுகளில் பைன், பிர்ச் முதலிய உள்ளூர் மரங்களே பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஹிக்கரி நார்வேக்கு வந்தது. கடினமானது, எளிதில் தேயாதது; ஆனால் கனம், விலையும் கூடுதல். எந்த மரமாயினும் ஒற்றைப் பலகைக்கு ஒரு குணம் உண்டு: ஈரம் ஏறி இறங்கினால் முறுக்கிக்கொள்ளும். மெல்லிய கீற்றுகளை ஒட்டி அடுக்கும் முறை இதற்கு விடையாயிற்று. நார்வேக்காரர் பேதர் எஸ்த்பியுவின் பெயரோடு இணைந்த 'ஸ்ப்ளிட்கெய்ன்' ஸ்கீகள் 1930களில் இம்முறையைப் பரப்பின. பின்னர் அடிப்பக்க ஓரங்களில் லிக்னோஸ்டோன் எனும் அழுத்திக் கெட்டிப்படுத்திய பீச் மரக்கீற்று பதிக்கப்பட்டது. கையில் கிடைத்த ஸ்கீயின் காலத்தை உத்தேசிக்க முத்திரையைவிட இந்த உடற்கூறே நம்பகமானது என்பது என் எண்ணம். முத்திரை அழியும், அடுக்கு அழியாது.

அடிப்பக்கமே தீராத தலைவலி. வெறும் மரம் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் உறைந்தால் பனி ஒட்டிக்கொள்ளும். ஆகவே பைன் மரக் கீலைத் தடவி, அது குமிழியிடும்வரை சூடேற்றி, மரத்துக்குள் இறங்கியபின் மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுப்பார்கள். கருக விடாமல் சூடேற்றுவதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. கீல் ஏறிய மரம் நீரைத் தள்ளும், மேலே பூசும் மெழுகையும் பிடித்துக்கொள்ளும். ஈரப்பனிக்கான 'கிளிஸ்டர்' என்ற பசைமெழுகுக்கு 1913இல் காப்புரிமை பெற்றவரும் அதே எஸ்த்பியுதான். 1946இல் தொடங்கிய ஸ்விக்ஸ் நிறுவனம் பனியின் வெப்பநிலைக்கேற்ப மெழுகுகளை நிறத்தால் பிரித்து விற்றது.

ஸ்வீடனின் ஃபாலூனில் 1974இல் நடந்த உலகப் போட்டியில் 30 கி.மீ. ஓட்டத்தைத் தாமஸ் மாக்னுசன் கண்ணாடியிழை ஸ்கீயில் வென்றார். அதன்பின் போட்டிக்களத்திலிருந்து மரம் வெகுவேகமாக வெளியேறியது. புதிய ஸ்கீயின் பிளாஸ்டிக் அடிப்பக்கத்துக்குக் கீல் தேவையில்லை. ஆண்டுதோறும் செய்துவந்த வேலை ஒழிந்தது. மர ஸ்கீகள் கொட்டகைகளுக்கும் பரண்களுக்கும் போயின. இன்றைய சேகரிப்பாளர்களுக்கான சரக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல. இரண்டு ஸ்கீகளையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளியைத் தரும் வளைவு செத்திருந்தால் மீட்பது கடினம். அதனால்தான் பழைய வீடுகளில் கோடை முழுவதும் நடுவே ஒரு மரக்கட்டை செருகிக் கட்டி வைத்தார்கள். பிரிந்த அடுக்குகளை ஒட்டி இறுக்கலாம். அடிப்பக்கத்தில் வார்னிஷ் பூசியிருந்தால் சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். இல்லையேல் கீல் உள்ளே இறங்காது. மேற்பக்கத்துக்கு வார்னிஷ் பொருந்தும்.

பிணைப்புகளில்தான் கருத்து வேறுபாடு. பிரூர் வித் 1927இல் உருவாக்கிய 'ரோட்டஃபெல்லா' பிணைப்பு காலணியின் முன்நுனியை மட்டும் பற்றியது. குதிகால் தாராளமாக எழும்பியது. பிணைப்பை மாற்றுந்தோறும் திருகாணித் துளைகள் கூடின. அவற்றை மறைத்துத் 'தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல்' ஆக்குவோர் உண்டு. ஆனால் அத்துளைகள் அந்த ஸ்கீயின் மேல் மாறிவந்த காலணிகளுக்குச் சான்று. நீர் இறங்காதபடி மரமுளையால் அடைத்தால் போதும். மேலே சாயம் பூசி ஒளிக்க வேண்டியதில்லை.