முப்பத்து மூன்று பக்கக் கடிதம்

ஆட்டிசத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு மருத்துவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானர், 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். (சோவியத் மருத்துவர் க்ரூன்யா சுகரேவா 1926-லேயே ஆறு சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிவிட்டார். அது தனிக் கதை.) ஆனா கானரின் கட்டுரையில் முதல் குழந்தையைப் பற்றிய பகுதியைப் படிச்சுப் பார்த்தா, கானருக்கு முன்னாடியே எல்லாத்தையும் உற்றுக் கவனிச்ச ஒருத்தர் தெரிகிறார். அந்தப் பையனோட அப்பா.

பையன் பெயர் டொனால்ட் ட்ரிப்லெட். 1933-ல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர். அம்மாவின் குடும்பம் உள்ளூர் வங்கியை நடத்தியது. ஒரு வயதிலேயே பாட்டுகளைச் சுருதி பிசகாமல் முணுமுணுத்த குழந்தை, அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. பாத்திரங்களைத் தரையில் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது நிறுத்தினால் ஒரே ரகளை. 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ' என்று சொல்லும். தனக்குக் குளிக்க வேண்டுமென்றால், "நீ குளிக்கிறியா?" என்று கேட்கும்.

உள்ளூர் மருத்துவர்கள் இடமாற்றம் வேண்டும் என்றார்கள். நான்கு வயது நிறையும் முன்பே, 1937-ல், காசநோய்த் தடுப்புக்காகக் கட்டப்பட்ட ஒரு குழந்தைகள் காப்பகத்தில் டொனால்டை விட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம். காப்பக இயக்குநர் தடுத்தும் பெற்றோர் கேட்காமல் பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டார்கள். குழந்தையைப் பற்றி அந்த இயக்குநர் எழுதிக் கொடுத்த அறிக்கை அரைப் பக்கம். ஏதோ சுரப்பிக் கோளாறாக இருக்கலாம் என்றது அது.

1938-ல் கானரைப் பார்க்கப் போவதற்கு முன், அப்பா தட்டச்சு செய்து அனுப்பிய கடிதம் 33 பக்கம்.

கானர் தன் கட்டுரையில் அதிலிருந்து தாராளமாக எடுத்தாள்கிறார். டொனால்டின் பின்னணியை அது மிகச் சிறப்பாகக் காட்டியது என்றும் ஒப்புக்கொள்கிறார். ஆனா அதே வாக்கியத்தில், அளவுக்கு மீறிய பித்துப் பிடித்த விவரங்கள் நிறைந்தது என்று ஒரு குத்தலும் வைக்கிறார். கட்டுரையின் கடைசிப் பகுதியில் இந்தக் குத்தல் வாதமாகவே மாறிவிடுகிறது. பெற்றோர் எழுதிய விரிவான நாட்குறிப்புகளும் அறிக்கைகளும் அவர்களுடைய மனப்போக்குக்குச் சான்றாம்! இந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே பாசமான அப்பா அம்மா ரொம்பக் குறைவு என்றும் எழுதுகிறார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் டொனால்டின் முதல் நான்கு வருடங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

நியாயமாகச் சொன்னால், இந்தக் குறை பிறவியிலேயே வருவது என்றுதான் அதே கட்டுரையை முடிக்கிறார். ஆனால் 1949-ல் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் குழந்தைகள் பனி உருகாத குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்கள் போல வளர்ந்தார்கள் என்று எழுதினார். உலகம் பிடித்துக்கொண்டது அதைத்தான். 'குளிர்பதனப் பெட்டி அம்மா' என்ற பட்டம் அங்கிருந்துதான் கிளம்பியது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் தன் புத்தகத்தில் இன்னும் கடுமையாகப் பேசினார், நாஜி வதைமுகாமோடு ஒப்பிடும் அளவுக்கு. பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு தவித்த அம்மாக்களிடம் போய், 'உன்னாலதான் இப்படி' என்று வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சொன்ன காலம் அது.

இத்தனைக்கும் கானரின் அந்த முதல் கட்டுரையிலேயே ஒரு சின்னச் சம்பவம் இருக்கு. 'ஆமாம்' என்று சொன்னால் தோளில் தூக்கிக்கொள்வேன் என்று டொனால்டுக்கு அப்பா பழக்கியிருக்கிறார். பையனும் கற்றுக்கொண்டான். ஆனால் பல மாதங்களுக்கு 'ஆமாம்' என்ற சொல்லுக்கு அவனுக்கு ஒரே அர்த்தம்தான்: அப்பா, தோள்ல தூக்கு. மொழி எப்படி வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதற்கு உதாரணமாகத்தான் கானர் இதைச் சொல்கிறார். பிள்ளையைத் தோளில் சுமந்த ஒரு அப்பாவும் அதில் இருக்கிறார் என்பது அவர் கண்ணில் படவில்லை போல.

பழியை உடைக்கத் தொடங்கியதும் ஒரு தகப்பன்தான். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்டின் மகனுக்கு ஆட்டிசம். கிடைத்த ஆய்வையெல்லாம் படித்து, இது உடல் சார்ந்தது, வளர்ப்புக் கோளாறு அல்ல என்று 1964-ல் புத்தகம் போட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் சாட்சாத் கானரேதான். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் நின்று, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்றும் சொன்னார். குற்றம் சுமத்தியதில் தன் பங்கை அப்போதும் அவர் ஏற்கவில்லை. 1977-ல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம். மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இல்லை. மரபணுவின் பங்கு அதில் தெளிவாகத் தெரிந்தது.

அந்த 11 குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்று கானர் 1971-ல் மறுபடி எழுதினார். அரசுக் காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்கள் வாடிப்போயிருந்தார்கள். டொனால்டைப் பற்றி அவர் கையில் இருந்தது, இந்தத் தடவை அம்மா 1970-ல் எழுதிய கடிதம். மகனுக்கு 36 வயது, எங்களோடுதான் இருக்கிறான், பட்டம் முடித்து வங்கியில் காசாளராக வேலை பார்க்கிறான், வாரத்தில் நாலைந்து நாள் கோல்ஃப், உள்ளூர்ப் போட்டிகளில் ஆறு கோப்பை, இப்போது வைத்திருப்பது இரண்டாவது கார் என்று விவரம் விவரமாக எழுதியிருந்தார்.