லயன் அறையும் தொழிற்சங்கமும்

கட்டடக்கலை என்றதும் கோபுரமும் கோட்டையும் நம் நினைவிற்கு வருகின்றன. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் மலைச்சரிவை ஒட்டி நீண்டு கிடக்கும் லயன்களைக் கட்டடக்கலையாக எவரும் கருதுவதில்லை. எனினும், மலையகத் தொழிலாளர் வரலாற்றை அச்சுவர்களை விட்டு எழுத முடியாது.

கோப்பிக் காலத்தில் தோன்றிய இவ்வமைப்பு, 1867க்குப் பின் தேயிலை பரவியபோதும் மாறாது நிலைத்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடையது. முன்னே இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணை. பல இடங்களில் இருவரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தமையால், பின்சுவரில் சாளரம் வைக்க வழியில்லை. அடுப்புப் புகையும் குழந்தையின் உறக்கமும் ஓரறைக்குள்ளேயே அடங்கின. துரையின் பங்களாவோ பெரும்பாலும் மேட்டில் அமைந்தது. ஆள்களை எண்ணிப் பிரட்டுக்களத்திற்கு அனுப்புவதற்கு இதனினும் வசதியான கட்டடம் அமைத்தல் அரிது!

இவ்வறைக்கு வாடகை இல்லை. ஆனால் வேலை போயின் கூரையும் போகும். கடனோடு தொழிலாளியைப் பிணித்த துண்டு முறை 1921இல் ஒழிந்தபோதும் இப்பிணைப்பு அறவில்லை. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். சங்கத்தில் சேர்பவன் கூலியை மட்டுமன்றி, குடும்பம் உறங்கும் இடத்தையும் பணயம் வைத்தான். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். அவ்வாண்டிலேயே தோட்ட முதலாளிகளுக்கும் சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஏற்பட்டது.

வீட்டு வினா நேராக எழுந்தது கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மயர் தோட்டத்தில். அரசு அந்நிலத்தைக் கையேற்றபின், தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர், அவர்கள் மறுத்தனர். 1946இல் அவர்களுக்கு ஆதரவாக ஏனைய தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அத்துமீறிக் குடியிருந்ததாகத் தண்டிக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் மேன்முறையீடு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. பிறரைத் தொல்லைப்படுத்துவதே அவனது முதன்மை நோக்கமாக இருந்திருத்தல் வேண்டும், தன் இருப்பிடத்திலேயே தங்க விரும்பியவனுக்கு அந்நோக்கம் இல்லை என 1950இல் அம்மன்று தீர்த்து, தண்டனையை நீக்கியது. லயன் அறையை வீடு என்று சட்டம் கண்ட அரிய தருணம் அது. இதற்கிடையில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்திருந்தனர்.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயன்கள் நின்றன. அண்மைக் காலத்தில் இந்திய உதவியோடு எழும் தனிவீடுகளுக்கு நிலம் ஒதுக்கப்படுகின்றது. எனினும் பல குடும்பங்கள் இன்றும் பழைய இஸ்தோப்பிலேயே அமர்ந்து அந்நிலத்தின் உறுதிப் பத்திரத்தை எதிர்பார்த்திருக்கின்றன.