சொந்த ஊர் எது?

வேலைக்கு நேர்முகத் தேர்வு போய்வந்த நம்ம பிள்ளைகளிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். "சொந்த ஊரு எது? ஊருல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு?" சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதியைக் கேட்டுவிடுகிற கேள்விகள். இவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு.

1950 ஐ.ஏ.எஸ். தேர்வு. வங்காளத்துத் தலித் அச்சுதானந்த தாஸ் எழுத்துத் தேர்வில் 609 மதிப்பெண் எடுத்தார். முதலிடம் பிடித்த மெட்ராஸ்காரர் என். கிருஷ்ணன் எடுத்தது 602. விடைத்தாள் திருத்துகிறவர் ஆளைப் பார்ப்பதில்லை. அங்கே தாஸ் 7 மதிப்பெண் முன்னே. நேர்முகத்தில் ஆளைப் பார்த்தார்கள். 300க்குக் கிருஷ்ணனுக்கு 260, தாசுக்கு 110. கூட்டிப் பார்த்தால் தாஸ் 143 பின்னே. தலித்துகளில் முதல் ஐ.ஏ.எஸ். அவர்தான். ஆனால் பட்டியலில் 48ஆவது, கடைசி ஆள்.

முப்பது வருஷம் கழித்து அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 150க்கு 50 மதிப்பெண் நேர்முகத்துக்கு. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம். கேட்டதெல்லாம் பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான். 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்குக் கொடுப்பது நியாயமல்ல என்றது உச்சநீதிமன்றம். சாதி வழக்கல்ல அது. ஆனாலும் அந்தக் கேள்விகள் நமக்குப் பழக்கமானவை.

தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடும் இல்லை, கணக்குக் கேட்கவும் ஆள் இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரங்களுக்குச் சமமான படிப்புள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள்; மொத்தம் 4808. உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே பெயர் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகம் கிடையாது. மேல்பதவிகளுக்கு உண்டு. அதிகாரம் இருக்கிற இடத்தில்தான் முகம் பார்க்கிறார்கள்.

தகுதி, திறமை என்று கூப்பாடு போடுகிறவர்களிடம் ஒன்று கேட்போம்: எழுத்து மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் சாதிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருஷா வருஷம் வெளியிடத் தயாரா? யாருடைய தகுதி எந்த அறையில் குறைந்தது என்று அப்போது தெரிந்துபோகும்.