காமராஜர் பெயர் தாங்கிய துறைமுகம்: காத்திவாக்கம் தொழில் வட்டாரமும் ஒரு தேசியத் தலைவரின் அரசியலும்

முன்னுரை

கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். இந்த மூன்று நீர்களுக்கு நடுவே கிடக்கும் ஊர், எண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த காத்திவாக்கம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் நகராட்சியாக வளர்ந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. முகத்துவாரத்துக்கு அப்பால் வடகரையில் நிற்கும் பெரிய துறைமுகத்துக்கு 2014 முதல் காமராஜரின் பெயர் வழங்கி வருகிறது.

அவர் மறைந்தது 1975-இல். துறைமுகம் இயங்கத் தொடங்கியது 2001-இல். தாம் கட்டாத, கண்ணால் காணாத ஒரு துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது எப்படி? அந்தப் பெயருக்கும் அவருடைய அரசியல் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு? வடசென்னையின் தொழில் வளர்ச்சி முழுவதையும் அவர் கணக்கில் எழுதுவது மேடை வழக்கம். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அதில் ஒரு பகுதி அவருக்கு முன்பே வந்தது, ஒரு பகுதி அவருக்குப் பின் வந்தது என்பது தெரியும். அவருடைய பங்கு எது என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படிப் பிரித்துப் பார்ப்பதால் அவர் புகழ் குறையாது. அவரை எந்த அளவுகோலால் மதிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

1. விருதுநகரிலிருந்து கோட்டை வரை (1903–1954)

காமராஜர் 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்தார். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி. தந்தையை இளமையிலேயே இழந்ததால் படிப்பு பாதியில் நின்றது. தாய்மாமன் கடையில் வேலை பார்த்தபடியே பத்திரிகை படித்தும் பொதுக்கூட்டங்களைக் கேட்டும் அரசியலுக்கு வந்தவர் அவர். 1930-இல் ராஜாஜி தலைமையில் நடந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி, அலிப்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். காந்தி–இர்வின் உடன்பாட்டையடுத்து 1931-இல் விடுதலையானார்.

உப்பு வரி காத்திவாக்கத்துக்கும் அந்நியமான செய்தியல்ல. எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கங்களில் உப்பளங்கள் பரந்து கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாயே பிறகு பக்கிங்காம் கால்வாயாக நீண்டது. உப்பும் விறகும் அதில் படகேறிப் பட்டணம் போயின. ஆங்கிலேய ஆட்சியின் வருவாய்க் கணக்கில் இந்தக் கரையின் இடம் உப்பு விளையும் இடம் என்பதுதான்.

சத்தியமூர்த்தியின் அணியில் வளர்ந்த காமராஜர், 1937-இல் சாத்தூரிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும், முழுநேரமும் செலுத்த முடியாத பொறுப்பைச் சுமக்கக் கூடாது என்று அப்பதவியைத் துறந்தார். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் மீண்டும் சிறை சென்று 1945-இல்தான் வெளியே வந்தார். பதவியைவிடக் கட்சி அமைப்பே வலிமை என்ற அவருடைய எண்ணம் இந்த ஆண்டுகளில் உருப்பெற்றது. பின்னாளில் அவர் எடுத்த பெரிய முடிவுகள் அனைத்துக்கும் அதுவே அடிப்படை.

2. காமராஜருக்கு முன் எண்ணூர்

வடசென்னையில் தொழில், காமராஜர் முதலமைச்சராவதற்கு முன்பே வேர் பிடித்திருந்தது. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை விடுதலைக்கு முன்பே இயங்கிவந்தது. இன்று விம்கோ நகர் ரயில் நிலையம் அதன் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தரும் நிறுவனமாக எண்ணூரில் தொழில் நடத்தியது. பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு 1950-இல் உடன்பாடு ஏற்பட்டது. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகப் பிறந்தது.

துறைமுகத்தின் அருகாமை, ரயில் பாதை, கால்வாய், விலை குறைந்த மணற்பாங்கான நிலம் ஆகியவைதான் இந்த ஆலைகளை இங்கே இழுத்தன. ஆகவே எண்ணூரைத் தொழில் ஊராக்கியவர் காமராஜரே என்று சொல்வது வரலாறு ஆகாது. ஆனால் 1954-க்கு முன் வந்தவை ஒன்றிரண்டு தனி முயற்சிகள். அவை ஒரு வட்டாரமாகத் திரண்டதற்கு மாநில அரசின் கொள்கை தேவைப்பட்டது.

3. வகுப்பறையும் ஆலையும் (1954–1963)

முதலமைச்சராக இருந்த ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த, குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் பெயரிட்ட கல்வித் திட்டம் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அதன் விளைவாக அவர் பதவி விலக, 1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதலமைச்சரானார். அத்திட்டத்தைக் கைவிட்டதே அவர் ஆட்சியின் முதல் பெரிய முடிவு. எட்டே பேர் கொண்ட அமைச்சரவை. தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியம், எதிரணியில் இருந்த பக்தவத்சலம் ஆகிய இருவரையும் அதில் சேர்த்துக்கொண்டார். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் அறநிலையத் துறையை ஒப்படைத்தார்.

கல்வித் துறையில் நெ. து. சுந்தரவடிவேலு இயக்குநராக இருந்து பணியாற்றிய காலம் இது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர் மக்களே அரிசியும் பருப்பும் பணமும் தந்து பள்ளிகளை நடத்தத் துணைநின்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மாநிலமெங்கும் நடந்தன. பள்ளிக் கட்டணம் படிப்படியாக நீங்கியது. மீனவர் குப்பத்திலும் உழவர் சேரியிலும் முதல் தலைமுறையாகப் பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்தார்கள்.

இதே ஆண்டுகளில்தான் தொழில் துறையும் விரிந்தது. தொழிலாளர் சட்ட வழக்கறிஞராகப் பெயர் பெற்றிருந்த ஆர். வெங்கட்ராமன், 1957-இல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு மாநில அமைச்சரானார். தொழில், தொழிலாளர் நலன், மின்சாரம் ஆகிய துறைகளை அவரிடம் தந்துவிட்டு, காமராஜர் ஒதுங்கி நின்று துணைபுரிந்தார். 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. கனடா உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் நிறைவேறியது. 1956-இல் அமைந்த நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஆலை வர வேண்டுமானால் முதலில் மின்சாரமும் சாலையும் படித்த கைகளும் வேண்டும் என்பதை அந்த ஆட்சி வரிசையாகச் செய்து காட்டியது.

அதன் பலன் வடசென்னையில் தெரிந்தது. 1955-இல் அசோக் மோட்டார்ஸ், லேலண்டின் பங்கு முதலீட்டோடு அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டில் எண்ஃபீல்டு இந்தியா உருவாகி, புல்லட் மோட்டார் சைக்கிள்கள் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கின. முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலும் திருவொற்றியூரில் காலூன்றியது. எம்.ஆர்.எஃப். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கைகோத்து டயர் உற்பத்தியில் இறங்கியது. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார்.

இவற்றில் பெரும்பாலானவை தனியார் முதலீடு. சில மத்திய அரசின் திட்டங்கள். மாநில முதலமைச்சரின் பங்கு, நிலமும் மின்சாரமும் அமைதியான நிர்வாகமும் தந்ததிலும், தில்லியில் மாநிலத்துக்காக வாதாடியதிலும் இருந்தது. மனுவோடு வந்தவரிடம் அவர் சொல்லும் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்ற இரண்டு சொற்கள் தமிழகம் முழுக்கப் பேச்சு வழக்காயின. வாக்குறுதியை வாரி வழங்காமல், முடிந்ததைச் செய்து முடிக்கும் ஆட்சி முறையின் சுருக்கம் அது.

4. தில்லி அரசியல் (1963–1975)

மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி, 1963-இல் மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் பதவி விலகினர். காமராஜர் அக்டோபர் 2 அன்று கோட்டையை விட்டு இறங்கினார். 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். அந்த ஆண்டு மே 27 அன்று நேரு மறைந்தபோது சாஸ்திரியையும், 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்தபோது இந்திரா காந்தியையும் பிரதமராக்குவதில் முன்னின்றார்.

தில்லியில் அவர் கை ஓங்கியிருந்த காலத்திலேயே தமிழகத்தில் கட்சியின் நிலம் நழுவியது. அரிசித் தட்டுப்பாடும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் சேர்ந்து 1967-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை ஆட்சியில் அமர்த்தின. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜரே தோற்றார். ஆலைகள் வந்தும் தொழிலாளர் குடும்பத்துக்கு அரிசி எட்டாத நிலை இருந்தால் எந்த ஆட்சியும் நிலைக்காது என்பதை அந்தத் தேர்தல் உணர்த்தியது. 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார். அதே ஆண்டு காங்கிரஸ் பிளந்தபோது பழைய காங்கிரஸில் நின்றார். 1975 அக்டோபர் 2 அன்று காலமானார். மறு ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது.

5. மணலி முதல் துறைமுகம் வரை

எண்ணூரின் கனரகத் தொழில் யுகம் காமராஜர் பதவி விலகிய பிறகு தொடங்கியது. இந்திய அரசும் அமெரிக்க அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965-இல் சென்னை சுத்திகரிப்பு நிறுவனத்தை அமைத்தன. ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் மணலி ஆலை 1969-இல் இயங்கியது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கி, படிப்படியாக 450 மெகாவாட் திறனை எட்டியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல் முகத்துவாரத்தின் வடகரையில் வந்தது.

அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசா நிலக்கரி கப்பலில் வர வேண்டும். அதற்காகவே சென்னைத் துறைமுகத்தின் துணைத் துறைமுகமாக எண்ணூர் திட்டமிடப்பட்டது. 1999-இல் தனி நிறுவனமாகப் பதிவான அது, நிறுவன வடிவில் அமைந்த நாட்டின் முதல் பெருந்துறைமுகம். 2001 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வதை உயர் நீதிமன்றம் தடுத்தது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் மக்கள் சுவாசித்த கரித்தூள் குறைந்தது. நிலக்கரி வரத்து எண்ணூருக்கு இடம் மாறியது. 2014-இல், காமராஜர் வழிவந்த மூப்பனாரின் மகன் ஜி. கே. வாசன் கப்பல் துறை அமைச்சராக இருந்தபோது, துறைமுகத்துக்குக் காமராஜர் பெயர் சூட்டப்பட்டது.

6. பெயரும் பொறுப்பும்

துறைமுகமும் மின் நிலையங்களும் சூழ்ந்த இந்தக் கழிமுகத்தில்தான் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் தலைமுறைகளாக இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்ந்தார்கள். அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் சேறாகப் படிந்து ஆற்றின் ஆழத்தைக் குறைத்தது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. வாளியால் அள்ளி அதை அகற்ற வேண்டியிருந்தது. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலால் கெட்ட கழிமுகத்தைச் சீர்செய்ய ஆணையிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கலந்து கழிமுகத்துக்கு வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்.

இவற்றுக்குக் காமராஜரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. இவை அவர் காலத்துக்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவு. சுற்றுச்சூழல் சட்டங்கள் பிறக்காத காலத்தில் ஆட்சி செய்தவர் அவர். அதே சமயம், தொழில் வளர்ச்சிக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு அதன் சுமையைக் குப்பங்களின் தலையில் விட்டுவிடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் ஆட்சியில் ஆலையும் வகுப்பறையும் ஒன்றாகவே வந்தன. ஒரு திட்டத்தால் கடைசி வீட்டுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதே அந்த ஆட்சியின் கணக்காக இருந்தது. அந்தக் கணக்கின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டுதான் எண்ணூர் வளர்க்கப்பட்டது.

முடிவுரை

இந்த ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, எண்ணூர்–திருவொற்றியூர்த் தொழில் வட்டாரம் காமராஜருக்கு முன்பே தொடங்கி, அவர் ஆட்சியில் திரண்டு, அவருக்குப் பிறகு கனரகத் தொழிலுக்கு மாறியது. இரண்டாவது, அவருடைய தனிப்பங்கு எந்த ஓர் ஆலையிலும் அடங்காது. மின்சாரம், கல்வி, திறமையானவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நிர்வாகம் ஆகிய அடித்தளத்தில்தான் அது இருக்கிறது. மூன்றாவது, துறைமுகத்தின் பெயர் அவருடைய அரசியல் மரபைச் சார்ந்தவர்கள் செய்த நினைவுச் செயல். அந்தப் பெயருக்குரிய தகுதியைத் துறைமுகமும் சுற்றியுள்ள ஆலைகளும் இனிமேல்தான் ஈட்ட வேண்டும்.

கழிமுகத்தின் சாம்பலைத் தூர்வாருவதும், ஆற்று வாழ்வை இழந்த மீனவர்களுக்கு உரிய இழப்பீடு தருவதும், குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தரமான பள்ளியும் இந்த ஆலைகளிலேயே நிரந்தர வேலையும் உறுதிசெய்வதும் அரசு செலுத்த வேண்டிய கடன். காமராஜர் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு கட்சியும் இதைத் தன் கடமையாக ஏற்க வேண்டும்.