தலை இல்லாத மூலக்கூறும் நீர்ப்பரப்பும்

பெங்களூர் ஆஸ்டின் டவுனை அடுத்த வண்ணாரப்பேட்டையின் பெயரே சலவைத் தொழிலைச் சொல்கிறது. இப்பகுதிகளின் கழிவுநீர் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியே பெள்ளந்தூர் ஏரியை நோக்கிச் செல்வது. 2015 மே மாதம் அந்த ஏரியின் நுரை தீப்பற்றியபோது சலவைப் பொருள்களின் வேதியியலைப் பலரும் விளக்கினர்: நீரை நாடும் தலை, நீரை வெறுக்கும் வால். விளக்கம் சரியே. ஆனால் பரப்பில் இயங்கும் மூலக்கூறு எதற்கும் தலை வேண்டும் என்று அதை நீட்டுவது பிழை.

அந்த எண்ணம் வேரூன்றிய வரலாறு நீண்டது. ஆக்னஸ் பொக்கல்ஸ் தம் வீட்டில் செய்த நீர்ப்பரப்பு அளவீடுகளை 1891 இல் ராலே பிரபு ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பிவைத்தார். கொழுப்பு அமிலங்கள் நீரின்மேல் ஒற்றை மூலக்கூறுத் தடிப்பில் நிமிர்ந்து நிற்கின்றன, தலையே நீரைப் பற்றியிருக்கிறது என்று 1917 இல் இர்விங் லாங்மியூர் நிறுவினார். தலையற்ற பாரஃபின் எண்ணெயோ பரவாமல் திரண்டு மிதக்கும். இத்தகைய படலங்களைப் பற்றிய அடிப்படை நூலை 1966 இல் எழுதியவர் ஜார்ஜ் கெய்ன்ஸ்.

அதே கெய்ன்ஸ்தான் 1991 இல், லாங்மியூரின் பெயர் தாங்கிய ஆய்விதழிலேயே, விலக்கையும் வெளியிட்டார். அறிவியல் வரலாற்றில் இதைவிட அழகான திருத்தங்கள் அரிது என்பது என் எண்ணம். அவர் எடுத்துக்கொண்டவை பாதி ஃபுளோரினேற்றப்பட்ட ஆல்கேன்கள். சங்கிலியின் ஒரு பகுதியில் ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளோரின். மறுபகுதி சாதாரண ஹைட்ரோகார்பன். இரண்டுமே நீரை நாடாதவை. இருந்தும் நீரின்மேல் படலமாயின. காரணம், அவ்விரு பகுதிகளும் ஒன்றையொன்று விரும்புவதில்லை. ஃபுளோரின் சங்கிலி தடித்தது, விறைப்பானது. அதன் குறுக்குவெட்டு சுமார் 0.3 சதுர நானோமீட்டர், ஹைட்ரோகார்பனுடையது சுமார் 0.2. பிற மூலக்கூறுகளை ஈர்க்கும் வலு குன்றிய அது காற்றை நோக்கித் திரும்ப, ஹைட்ரோகார்பன் நீர்ப்பக்கம் தங்குகிறது. இவை எண்ணெயின் பரப்புக்கும் ஏறிவந்து அதன் பரப்பு இழுவிசையைக் குறைக்கும்.

திரவப் பரப்பைப் பற்றி நாம் வரையும் படங்கள் மெய்யைவிட எப்போதும் சீரானவை. 1925 இல் கல்கத்தாவில் சி. வி. ராமனும் பாலக்காட்டைச் சேர்ந்த எல். ஏ. ராம்தாஸும் திரவப் பரப்புகள் ஒளியைச் சிதறடிப்பதை அளந்து, அதைப் பரப்பு இழுவிசையோடு தொடர்புபடுத்தினர். வெப்பத்தால் ஓயாது எழும் நுண்ணலைகளே அச்சிதறலுக்குக் காரணம். ராமன் விளைவின் ஒளியில் இக்கட்டுரைகள் மங்கிப்போயின. கெய்ன்ஸின் படலமும் வழவழப்பான விரிப்பன்று: அதில் மூலக்கூறுகள் சுமார் 30 நானோமீட்டர் அகலமுள்ள, ஒரே அளவிலான வட்டத் திரள்களாகக் கூடியிருப்பதை 2002 இல் ஸ்ட்ராஸ்பூர் ஆய்வாளர்கள் அணுவிசை நுண்ணோக்கியால் கண்டனர்.

இக்குடும்பத்து மூலக்கூறு ஒன்று, 6 ஃபுளோரினேற்றக் கரிமங்களும் 8 சாதாரணக் கரிமங்களும் கொண்டது, கண் உலர்வுக்கான சொட்டு மருந்தாக 2023 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நீரே கலவாத அம்மருந்து கண்ணீர்ப் படலத்தின்மேல் பரவி ஆவியாதலைக் குறைக்கிறது. 2021 இல் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் மேம்பாட்டு அமைப்பு வகுத்த வரையறையின்படி, ‘அழியா வேதிப்பொருள்கள்’ எனப்படும் பெருங்குடும்பத்துக்குள்ளும் இது அடங்கும். நம் கழிவுநீரில் சலவைப் பொருளை அளக்கும் மெத்திலீன் நீலச் சோதனையோ எதிர்மின் தலையைத்தான் தேடுகிறது. தலையே இல்லாத மூலக்கூறு அதன் கண்ணில் படாது.